நாற்பத்தெட்டாவது பலகை

மேலப்பாறைக்குளத்தில் அந்த வருசம் சாரல் தொடங்கிய மூன்றாம் நாள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து மூலிகைத் தோட்டத்துக்கு அழைத்துப்போன தலைமையாசிரியர் குற்றாலலிங்கம், ஒவ்வொரு பலகையாக உரக்கப் படித்து, பிள்ளைகளையும் திருப்பிச் சொல்லவைத்து, கடைசிச் செடிக்கு முன்னால் வந்து நின்றபோது, அந்தச் செடி காற்றே இல்லாமல் வளைந்து, ஒரு கிளையை நீட்டி, அவருடைய நெற்றியைத் தொட்டது. தொட்டதோடு விடாமல், காய்ச்சல் பார்ப்பதைப் போல இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரைக்கும் தடவியும் கொடுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் கிளையை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது துத்தி. மூல நோய்க்கு" என்று பலகையில் இருந்ததைப் படித்தார். மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி முடிப்பதற்குள், தலைமையாசிரியருக்கு மூலம் என்ற செய்தி குளத்துக்கரையைத் தாண்டிப் போயிருந்தது.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற உலகம்மாள், செடிகளுக்குப் பின்பக்கம் குழாயும் கையுமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செடி வளைந்தது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இந்த மனுசன் வகுப்பில் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லையே, அதற்குக் காரணம் இதுதானா என்று அவள் மனதில் இருந்த ஒரு பழைய கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது.

அவள் அப்படிப்பட்டவள். பால்காரர் ஊற்றிய பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்காமல் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோக மாட்டாள். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும், தானும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள். கோயிலில் கொடுக்கிற திருநீறை மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். ஊர் அவளைக் கேலி செய்தது. ஆனால் ஊருக்கு என்ன, ஊரா அவள் பட்டதைப் பட்டது? பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "மாப்பிள்ளைக்கு லேசான சளி, வேறொண்ணுமில்ல" என்று சொல்லித்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். அந்த லேசான சளி ஆறு வருசத்தில் அவருடைய நெஞ்சை அரித்துத் தின்று, நான்கு வயதுப் பிள்ளையோடு அவளை நடுவீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து உலகம்மாளுக்கு உலகத்தில் எதுவுமே லேசானது இல்லை. மகள் கனகமணியை மட்டும் ஒளித்துவைத்த நோய்க்குக் கட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த வேண்டுதல்.

தோட்டத்தில் நாற்பத்தெட்டுச் செடிகள் என்பது கணக்கு. பாதையின் ஒரு பக்கமாக, வாசலில் இருந்து கடைசிச் சுவர் வரைக்கும் வரிசையாக நிற்கும். ஐந்து வருசத்துக்கு முன்னால் அவற்றை நட்டது பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள். அதில் கனகமணியும் ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பலகை, அதில் செடியின் பேர், அதற்குக் கீழே அது எதற்கு ஆகும் என்ற விவரம். சித்திரையில் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று பலகைகளைப் பிடுங்கிப் புதிதாக வர்ணம் அடித்தார்கள். வந்த பலகைகளை, அடுக்கு கலையாமல், வாசலில் இருந்து ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே போனது உலகம்மாள்தான். கடைசிச் செடிக்கும் நட்டு முடித்த பிறகு, அவள் கையில் ஒரு பலகை மிஞ்சியது.

வேறு யாராக இருந்தாலும் திரும்பி ஒருமுறை நடந்து பார்த்திருப்பார்கள். உலகம்மாளுக்குச் சந்தேகம் பெயிண்டர் மேல்தான் போனது. வேண்டுமென்றே ஒன்றைக் கூடுதலாக எழுதிவைத்து, 'ஒரு செடியைக் காணோம், தண்ணீர் ஊற்றுகிறவள் என்ன செய்தாள்' என்று தன்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று நினைத்தாள். பலகையை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டாள். எழுத்து உள்பக்கமாக இருந்ததால் கோழிகள் மட்டும்தான் அதைப் படித்துக்கொண்டிருந்தன.

சாரல் வலுக்க வலுக்கச் செடிகளும் துணிந்துவிட்டன. பாதையில் யார் நடந்தாலும், அவருக்கு உடம்பில் எது கோளாறோ அதற்கு ஆகிற செடி குனிந்து, நீண்டு, ஆளைத் தொட்டது. இதில் ஊருக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. மழை பெய்கிறது, குளம் நிறைகிறது, செடி தொடுகிறது, அவ்வளவுதான். டீக்கடை மாசானத்தின் வயிற்றை ஒரு செடி தடவியது. பலகையில் 'வல்லாரை, ஞாபக மறதிக்கு' என்று இருந்தது. அன்றிலிருந்து டீ குடிக்க வருகிறவர்கள், "சீனி கம்மி, மாசானம், சீனி கம்மி, சீனி கம்மின்னேன்" என்று மூன்றுமுறை சொல்ல ஆரம்பித்தார்கள். "இது பாக்க மணத்தக்காளி கணக்கால்லா இருக்கு?" என்று ஒரு ஆள் கேட்டதற்கு, "கணக்காத்தான் இருக்கும். போர்டு போட்டவன் படிச்சவனா, நீ படிச்சவனா?" என்று நான்கு பேர் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மணத்தக்காளிக் குழம்பு வைக்கிற பெண்கள்கூடப் பலகையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள்.

பிறகு ஊரே மாறிப்போனது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தோட்டத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தபால்காரர் பள்ளிக்கூடத்துக் கடிதங்களைச் சுவருக்கு மேலே எறிந்துவிட்டுப் போனார். உச்சிப்பொழுதில் தனியாக வந்து, செடிகள் இருக்கிற பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டமாகப் போகிறவர்கள் இருந்தார்கள். குடைக்கு அடியிலும் செடி கையை விட்டது. ஒரு செடியும் தொடாமல் வெளியே வந்தவரை ஊர் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டது. உடம்பில் எதையோ பூசிக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்கள். தொட்ட செடியின் இலையைப் பறித்துப்போய், பலகையில் எழுதியிருந்த நோய்க்குக் கசாயம் வைத்துக் குடித்தவர்களுக்கு நோய் கேட்கவில்லை. கேட்காததற்குச் செடியை யாரும் குறை சொல்லவில்லை, கசாயம் வைத்த பெண்டாட்டிகளைத்தான் சொன்னார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், காபி குடித்த தம்ளரைக் கீழே வைத்த கையோடு, "அப்படியே தோட்டத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோமே" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

உலகம்மாளும் அப்படித்தான் எழுந்தாள், ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை கீழப்பாறைக்குளத்துச் சிவனணைந்தான். லேத் பட்டறையில் எட்டு வருசமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன். கனகமணி வேலை செய்கிற மருந்துக் கடைக்கு அடிக்கடி வந்துபோனதில் இருவருக்கும் பிடித்துப்போய், பெண்ணே வாய் திறந்து, "எம்மா, அவுக வீட்டுல பேசேன்" என்று கேட்டிருந்தாள். பையனின் அம்மா பிரம்மசக்தி மல்லிகைப் பூவோடு வந்திருந்தாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, உலகம்மாள் பட்டும் படாமல், "தோட்டத்துச் சாரல் நல்லாருக்கும், வாங்களேன்" என்றாள்.

அதற்குள் சுவர் மேல் ஏழெட்டுத் தலைகள் ஏறிவிட்டிருந்தன. சிவனணைந்தான் வாசலில் இருந்து ஒழுங்காகத்தான் நடந்து வந்தான். பாதி தூரத்தில், பந்தலில் படர்ந்திருந்த ஒரு கொடி இறங்கி, பாதையைக் கடந்து, அவனுடைய வலது முட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டுப் போடுவதைப் போல நிதானமாக முடிந்துகொண்டது. அவன் குனிந்து முட்டியைப் பார்த்தான். மற்ற எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். உலகம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'ஓரிதழ்தாமரை. ஆண்களின் தாது பலத்திற்கு.'

சுவர் மேல் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிரம்மசக்தி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிவனணைந்தானுக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது. கொடியை அவிழ்த்துவிட்டு, லேசாக நொண்டிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தான்.

அன்று சாயங்காலமே உலகம்மாள் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"எம்மா, அது ஓரிதழ்தாமரையே இல்ல," என்றாள் கனகமணி. "அது முடக்கத்தான். முட்டுவலிக்கு. நான் நட்ட கொடிம்மா அது. ஓரிதழ்தாமரை முழங்கால் ஒசரத்துக்குக்கூட வராது, அது எப்படிப் பந்தல்ல ஏறும்? அவுக எங்க கடைக்கு வாரதே முட்டுவலித் தைலம் வாங்கத்தான்."

"போர்டுல போட்டிருக்குல்லா?"

"போர்டு தப்பு."

"நாப்பத்தெட்டுப் போர்டும் சரி, ஒன் மாப்பிள்ளைக்கு முன்னால நிக்கது மட்டும் தப்பு. அப்படித்தான?" உலகம்மாள் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, எனக்கும் இப்படித்தான் சொன்னாவ. லேசான சளின்னு சொன்னாவ. ஒங்கப்பாவக் காப்பாத்த நான் ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. நீயும் பொய் சொல்லி என்னைய ஏமாத்தாத."

கனகமணி அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. டிபன் பாக்ஸை எடுப்பாள், பஸ் ஏறுவாள், வருவாள், சாப்பிடுவாள், படுப்பாள். மகள் தன்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று உலகம்மாள் சந்தேகப்பட்டாள். மகள் எதையும் மறைக்கவில்லை, அழுகையை மட்டும்தான் மறைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, சாரலில் நனைந்து நனைந்து உலகம்மாளுக்குத் தலைபாரம் பிடித்துக்கொண்டது. தூக்கினால் கல்லு, குனிந்தால் இடி. பேசாத மகளிடம் ஆவி பிடிக்கத் தழை கேட்க மனசு வராமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே தோட்டத்துக்குப் போனாள். எப்போதும் போலச் செடிகளுக்குப் பின்பக்கமாகவே நடந்தாள். அங்கிருந்து பார்த்தால் பலகைகளின் முதுகுதான் தெரியும், எழுத்து தெரியாது. கண்ணைத் திறக்க முடியாத வலியில், மூக்கை நம்பி, மழையில் நனைந்த நொச்சி வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசிச் செடியிடம் நின்றாள். அது குனிந்து அவள் நெற்றியைத் தொட்டது. இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரைக்கும் தடவிக் கொடுத்தது. நொச்சிதான். சின்ன வயதிலிருந்து ஆவி பிடித்த அதே நொச்சி. இரண்டு கை நிறையப் பறித்துக்கொண்டு, முன்பக்கம் வந்து பாதையில் ஏறியபோது, தற்செயலாகப் பலகையைப் பார்த்தாள். 'துத்தி' என்று இருந்தது.

கையில் இருந்த தழையை மோந்தாள். பலகையைப் பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, அது தன் மூக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தலைமையாசிரியரின் நெற்றி ஞாபகம் வந்தது. மாசானத்தின் வயிறு ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த முட்டி ஞாபகம் வந்தபோது, அவள் தழையைக் கீழே போட்டுவிட்டு, வாசலுக்குப் போய் ஒன்று, இரண்டு என்று செடிகளை எண்ண ஆரம்பித்தாள். நாற்பத்தேழு. பன்னிரண்டாவது செடிக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவில், ஒரு செடி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மாசியில் அவள் தன் அண்ணன் ஊர்க் கோயில் கொடைக்கு ஒரு வாரம் போயிருந்தபோது அங்கே ஒரு கொடி காய்ந்து செத்திருக்கிறது. யாரோ பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். செத்த செடியின் பலகையை அவள் அடுத்த செடிக்கு நட்டிருக்கிறாள். அதன் பலகையை அதற்கு அடுத்ததற்கு. அப்படியே கடைசி வரைக்கும்.

வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டு மூடியைத் தூக்கித் திருப்பினாள். ஒட்டியிருந்த தூசுக்கும் இறகுக்கும் நடுவில் எழுத்து பளிச்சென்று இருந்தது: 'நொச்சி. தலைபாரத்திற்கு.'

பின்னால் கனகமணி நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பெயிண்டரச் சந்தேகப்பட்டேன்," என்றாள் உலகம்மாள்.

"என்னையுந்தான் சந்தேகப்பட்ட."

"ஆமா."

"அவுக வீட்டுல போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்."

உலகம்மாள் முதலில் டீக்கடைக்குப் போய்ச் சொன்னாள். பலகையையும் காட்டினாள். அங்கே ஒருவரும் நம்பவில்லை. "சம்மந்தம் போயிருச்சேன்னு இப்ப வந்து கத சொல்லுதா," என்றார் ஏஜெண்ட். பக்கத்து வீட்டுக்காரனின் நோயை மூன்று மாதமாகப் பேசிப் பழகியவர்களுக்கு, அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. மாசானம் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மறதி இல்லன்னு நான் தெனமும் சொன்னேம்லா?" என்று கேட்டதற்கு, "எப்பச் சொன்ன?" என்றார்கள். தலைமையாசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தோட்டத்துக்குப் போய், நொச்சிக்கு முன்னால் நெற்றியைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, ஆசிரியர் அறையில் யாரோ அவருடைய நாற்காலியில் போட்டுவைத்திருந்த பஞ்சுமெத்தையைத் தூக்கி வெளியே எறிந்தார். அன்றைக்கே பன்னிரண்டாவது செடிக்கு அப்பால் இருந்த பலகைகளையெல்லாம் உலகம்மாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு இடம் தள்ளி நட்டாள். செத்துப்போன கொடியின் பலகையைக் காலி இடத்திலேயே நட்டாள். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டது.

மறுநாள் ஒரு மஞ்சள் பை நிறைய முடக்கத்தானைப் பறித்துக்கொண்டு, கீழப்பாறைக்குளத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் கொடியின் நுனிகள் பைக்கு வெளியே தலையை நீட்டிப் போகிற திசையையே பார்த்துக்கொண்டு வந்தன.

பிரம்மசக்தி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"என்ன மதினி, இன்னும் எதுவும் மிச்சமிருக்கா? வீட்டுக்குள்ள வந்து வேற சிரிக்கணுமா?"

"சிரிக்க வரல மதினி. நான் போர்டத் தப்பா நட்டுட்டேன். தம்பிக்கு ஒரு கொறையும் இல்ல, முட்டுவலிதான். இந்தா, இது முடக்கத்தான். அரைச்சுத் தோச ஊத்திக் குடுங்க."

"அன்னைக்குப் போர்டப் பாத்துட்டுப் பேசுன. இன்னைக்கு எலையப் பாத்துட்டுப் பேசுத. நாளைக்கு எதப் பாத்துட்டு வருவ? பத்து நாளா எம்புள்ள பட்டறைக்குப் போகல, உள்ள கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கான், தெரியுமா? தெருவுல போனா அவங் காலப் பாத்துச் சிரிக்கானுவ." பையைச் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தாள். "இது என்ன எழவோ, யாருக்குத் தெரியும்?"

உலகம்மாள் ஒரு காயைப் பறித்தாள். பலூனைப் போல உப்பியிருந்த காயை நசுக்கி, உள்ளேயிருந்த கறுப்பு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். விதையின் மேல் வெள்ளையாக, வெற்றிலை வடிவத்தில் ஒரு புள்ளி இருந்தது. "இந்தப் புள்ளி இருந்தா முடக்கத்தான். போர்டே வேண்டாம். எம்மவ அன்னைக்கே இது முடக்கத்தான்னு சொன்னா. நாந்தான் நம்பல. எம்மேலதான் தப்பு மதினி, மன்னிச்சிருங்க."

பிரம்மசக்தி விதையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள்.

"அரைச்சுத் தாரேன். மொதத் தோச நீதான் திங்கணும்."

அடுப்படியில் மாவு இருந்தது. இலையை அம்மியில் வைத்து அரைத்து, மாவில் கலக்கி, கல்லில் ஊற்றினாள். பச்சையாக வெந்த தோசையைத் தட்டில் போட்டு உலகம்மாளின் முன்னால் வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக நின்று, அவள் பிய்ப்பதை, மெல்லுவதை, தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருசமாகப் பால்காரரும் மீன்காரியும் எப்படிக் கூசிப்போயிருப்பார்கள் என்று உலகம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கிவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

அதற்குள் மஞ்சள் பையில் இருந்த ஒரு கொடி தரையில் ஊர்ந்து, மூடியிருந்த உள் அறையின் கதவுக்கு அடியில் நுழைந்துவிட்டது. இன்னொரு கொடி சத்தமில்லாமல் வந்து, பிரம்மசக்தியின் சேலைக்கு மேலாக, அவளுடைய இடது முட்டியைப் பற்றிக்கொண்டது. அவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கரண்டிக் காம்பால் அதைத் தள்ளிவிட்டாள். உலகம்மாள் பார்த்தாள். எத்தனை வருசமாக, ஏன் மறைக்கிறாய், டாக்டரிடம் காட்டினாயா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்விகளையெல்லாம் தோசையோடு சேர்த்து விழுங்கினாள்.

தட்டு காலியானது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரம்மசக்தி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது தோசையை ஊற்றி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, பல்லைக் கடித்து, மெதுவாக உலகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒம்மவ வேல முடிஞ்சு எத்தன மணி பஸ்ஸுக்கு வருவா?" என்று கேட்டாள்.

"ஆறு மணி பஸ்ஸுக்கு."

உள் அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.